ஏழரைச் சனி முடிந்ததா, இல்லையா? அடி அண்ணாமலைத் திண்ணையில் ஓர் அமெரிக்க அறிஞர்!

2025 பங்குனி பௌர்ணமி. ராஜகோபுரத்தில் கும்பிட்டுவிட்டுத் தொடங்கிய கிரிவலம், அடி அண்ணாமலைக்கு வந்து சேர்ந்தபோது இரவு பதினோரு மணி. 14 கிலோமீட்டரில் பாதிக்கு மேல் முடிந்திருந்தது. வெறுங்காலில் தார் ரோட்டின் சூடு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆதி அண்ணாமலையார் கோயிலை ஒட்டிய தெருவில்தான் என் அத்தை வீடு. ஒவ்வொரு தடவையும் அங்கே திண்ணையில் பத்து நிமிடம் உட்கார்ந்து, சுக்கு காபி குடித்துவிட்டுத்தான் மிச்ச தூரம்.

அன்றைக்குப் பத்து நிமிடம் ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. டம்ளரைக் கையில் கொடுத்த உடனேயே அத்தை ஆரம்பித்தார்.

"ஏம்ப்பா, நீ பத்திரிகையில எழுதுறவன்தானே. இவனுக்கு ஏழரை முடிஞ்சிடுச்சா இல்லியா, சொல்லு. ஒருத்தர் மார்ச் 29 ஓட போச்சுன்றாரு. இன்னொருத்தர் இன்னும் ஒரு வருசம் கீதுன்றாரு. பொண்ணு வீட்டுல பதில் கேட்டுக்கினே இருக்காங்க. எத்தினி நாளைக்கு அவங்களைக் காக்க வெக்கறது?"

'இவன்' என்பது அத்தை மகன். சென்னையில் சாஃப்ட்வேர் கம்பெனி வேலை. மகர ராசி. அவன் தூணில் சாய்ந்துகொண்டு போனைக் காட்டினான். திருக்கணிதப் பஞ்சாங்கப்படி 29.3.2025 அன்று சனி கும்பத்தை விட்டு மீனத்துக்குப் போயாகிவிட்டது. மகரத்துக்கு ஏழரை முடிந்தது. வாக்கியப் பஞ்சாங்கப்படி அந்தப் பெயர்ச்சி 6.3.2026 அன்றுதான். திருநள்ளாறு கோயில் நிர்வாகமே, 'நாங்கள் வாக்கிய முறையைப் பின்பற்றுகிறோம், இந்த ஆண்டு சனிப்பெயர்ச்சி இல்லை' என்று அறிவித்திருந்தது.

"ரெண்டுல ஒண்ணுதானே மச்சான் உண்மையா இருக்க முடியும்?" என்றான் அவன். நியாயமான கேள்வி. இரண்டு பஞ்சாங்கத் தேதிக்கு நடுவே ஒரு கல்யாணம் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

எனக்கு அந்த நேரத்தில் சம்பந்தமே இல்லாமல் ஓர் அமெரிக்கர் ஞாபகத்துக்கு வந்தார். தாமஸ் கூன். (பெயரைச் சொன்னதும் அத்தை, "கூன் பாண்டியன் தெரியும், இவரு யாரு?" என்றார்.) அறிவியல் எப்படி மாறுகிறது என்று யோசிப்பதையே வாழ்நாள் வேலையாக வைத்துக்கொண்ட மனிதர். 'பாரடைம் ஷிஃப்ட்' என்று ஆபீஸ் மீட்டிங்குகளில் மேனேஜர்கள் அடிக்கடி உதிர்க்கிறார்களே, அந்தச் சொல்லை உலகமெங்கும் பரப்பியது அவருடைய புத்தகம்தான்.

கூன் பிறந்தது 1922 ஜூலை 18, ஒஹையோ மாநிலத்தின் சின்சினாட்டி நகரத்தில். அப்பா இன்ஜினீயர். பையன் ஹார்வர்டில் இயற்பியல் படித்து 1943இல் பட்டம் வாங்கினான். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. எதிரியின் ரேடாரைக் குழப்பும் கருவிகளை உருவாக்கிய ஆய்வகத்தில் வேலை. போர் முடிந்ததும் திரும்பிவந்து இயற்பியலிலேயே பிஎச்.டி. நம் ஊர்க் கணக்கில் 'செட்டில்' ஆகிவிட்ட பிள்ளை.

1947இல் ஒரு திருப்பம். ஹார்வர்டின் தலைவராக இருந்த ஜேம்ஸ் கோனன்ட் ஒரு வேதியியலாளர். கலைப் பாடம் படிக்கும் மாணவர்களுக்கும் அறிவியல் என்றால் என்னவென்று தெரிய வேண்டும், அதைப் பழைய கண்டுபிடிப்புகளின் கதை வழியாகச் சொல்ல வேண்டும் என்று ஒரு வகுப்பைத் தொடங்கினார். அதில் உதவ கூனைக் கூப்பிட்டார். இயக்கவியல் எப்படிப் பிறந்தது என்பதைச் சொல்ல வேண்டும். நியூட்டனுக்கு முன்னால் கலிலியோ, கலிலியோவுக்கு முன்னால் அரிஸ்டாட்டில். எனவே அரிஸ்டாட்டிலின் 'பௌதிகம்' நூலை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

படிக்கப் படிக்க ஆத்திரம்தான் வந்தது. இயக்கத்தைப் பற்றி இந்த மனிதருக்கு ஒன்றுமே தெரியவில்லையே! வரிக்கு வரி தப்பு. ஆனால் ஒரு சந்தேகமும் கூடவே அரித்தது. தர்க்கத்திலும் உயிரினங்களைப் பற்றிய ஆராய்ச்சியிலும் இவ்வளவு கூர்மையாக இருந்த ஓர் ஆள், ஒரு கல் விழுவதைப் பற்றிப் பேசும்போது மட்டும் எப்படி முட்டாளாகிப்போனார்? அவரை இத்தனை நூற்றாண்டு மதித்தவர்கள் எல்லோருமா முட்டாள்கள்?

ஒரு கோடை நாள். மேஜையில் புத்தகம் விரிந்திருக்கிறது. கையில் நான்கு வண்ணம் எழுதும் பென்சில். கூன் தலையைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறார். அந்தக் கணத்தில் மண்டைக்குள் கிடந்த துண்டுகள் எல்லாம் இடம் மாறி, புது விதமாகப் பொருந்தின. அரிஸ்டாட்டில் 'இயக்கம்' என்று சொன்னது, நாம் சொல்லும் இயக்கமே இல்லை! விதை மரமாவது, நோயாளி குணமாவது, கல் கீழே விழுவது எல்லாமே அவருக்கு ஒரே இனம். மாற்றம் என்பதற்கு அவர் வைத்திருந்த பெயர் அது. அப்படி எடுத்துக்கொண்டு படித்தால், அபத்தமாகத் தெரிந்த வரிகளில் பெரும்பாலானவை அர்த்தத்தோடு நின்றன.

இதைப் புரிந்துகொள்ள ஹார்வர்டுக்குப் போக வேண்டியதில்லை. பப்பாளி சூடு, இளநீர் குளிர்ச்சி என்று அத்தை சொல்வார். ஃப்ரிட்ஜில் ஒரு நாள் முழுக்க இருந்த பப்பாளியும் அவருக்குச் சூடுதான். அதில் தெர்மாமீட்டரைச் செருகிப் பார்த்து, '5 டிகிரி காட்டுதே, அத்தை சொல்றது பொய்' என்று சொன்னால் யார் முட்டாள்? அத்தையின் 'சூடு' வேறு, தெர்மாமீட்டரின் 'சூடு' வேறு. சொல் ஒன்று, அது உட்கார்ந்திருக்கும் வீடு வேறு. அத்தை சொல்வது சரியா, தப்பா என்பது அடுத்த கேள்வி. முதலில் அவர் எதைச் சொல்கிறார் என்று தெரிய வேண்டுமே!

கூன் அந்த ஜன்னலோடு இயற்பியலை விட்டுவிட்டார். 1949இல் பிஎச்.டி.யை முடித்தார், ஆனால் அந்தத் துறையில் தொடரவில்லை. அறிவியல் வரலாறு, அங்கிருந்து தத்துவம். 'இவ்வளவு படிச்சிட்டு இதுக்கா போறே?' என்று ஹார்வர்டிலும் யாராவது கேட்டிருப்பார்கள்.

வாத்தா, முயலா என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றுமே, அதைத்தான் கூன் பின்னாளில் உதாரணமாகச் சொன்னார். நான் அத்தை மகனிடம் மலையைக் காட்டினேன். டவுன் பிள்ளைகள் படம் வரைந்தால் வரும் அண்ணாமலை ஒன்று. அடி அண்ணாமலைப் பிள்ளைகள் வரையும் அண்ணாமலை வேறு. மலை அதேதான். அழகான உவமை என்று எனக்கே ஒரு கர்வம். பிறகு யோசித்தபோது, பாதிதான் பொருந்துகிறது. கிரிவலம் வருகிறவனுக்குத் தான் நடந்து வந்தது தெரியும். கூன் சொன்ன மாற்றத்தில் ஆள் நகரவே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே மலையின் வடிவம் மாறிவிடுகிறது.

வாய்பாடு மாறும்போது...

கூனின் முதல் புத்தகம் கோப்பர்னிகஸைப் பற்றியது. 1957இல் வந்தது. அதற்குள் ஹார்வர்டு அவருக்கு நிரந்தர வேலை தர மறுத்துவிட்டது. புத்தகம் பொதுமக்களுக்கு எழுதியது மாதிரி இருக்கிறது, ஆராய்ச்சி போதாது என்று கருதினார்கள். படித்த இடமே கதவைச் சாத்தியது அவருக்குப் பெரிய அடி. 1956இல் குடும்பத்தோடு கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கேயும் 1961இல் ஒரு குத்து. முழுப் பேராசிரியர் பதவி கொடுத்தார்கள், ஆனால் வரலாற்றுத் துறையில் மட்டும். தத்துவத் துறையின் மூத்தவர்கள் தங்கள் பக்கம் அவரைச் சேர்க்க விரும்பவில்லை. அடுத்த வருடமே அவருடைய புத்தகம் அந்தத் துறையைத்தான் உலுக்கியது!

1962இல் வந்த 'அறிவியல் புரட்சிகளின் கட்டமைப்பு'தான் அது. இருநூறு பக்கம்கூட இல்லாத நூல். இதற்கான பொறி 1958-59இல் ஸ்டான்ஃபோர்டில் ஓர் ஆய்வு மையத்தில் தங்கியிருந்தபோது கிடைத்தது. சுற்றிலும் சமூகவியலாளர்களும் உளவியலாளர்களும். அவர்கள் அடிப்படை விஷயங்களிலேயே ஓயாமல் சண்டை போட்டார்கள். இயற்பியலாளர்கள் அப்படிச் சண்டை போடுவதில்லையே, ஏன்? இயற்பியலாளர்கள் அதிக புத்திசாலிகள் என்பதாலா? இல்லை. அவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிக் கணக்குகளைப் போட்டுப் போட்டுப் பழகியவர்கள். அந்த மாதிரிக் கணக்குக்குத்தான் 'பாரடைம்' என்று பெயர் வைத்தார்.

சொல்லை அவர் எடுத்தது இலக்கண வகுப்பிலிருந்து. லத்தீனில் ஒரு வினைச்சொல்லை வைத்து மற்ற வினைகளுக்கு உருவம் சொல்லித்தருவார்களே, அது. நமக்கு இதைவிட நல்ல சொல் இருக்கிறது: வாய்பாடு. தேமா, புளிமா, கூவிளம், கருவிளம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். தேமா என்பது மாமரத்தைப் பற்றிய பாடம் இல்லை. எந்தச் சீர் வந்தாலும் அதோடு பொருத்திப் பார்க்க ஓர் அச்சு. வாய்பாடு பிடிபட்டவனுக்குப் புதுச் செய்யுளை அலகிட யாரும் விதி சொல்லித்தர வேண்டாம்.

விஞ்ஞானி பெரும்பாலான நாட்களில் செய்வது இந்த மாதிரிப் பொருத்தும் வேலைதான் என்றார் கூன். புதிர் வரும், விடுவிப்பார்கள். யுரேனஸ் கோள் நியூட்டனின் கணக்குப்படி போகவில்லை. நியூட்டன் தப்பு என்று யாரும் குதிக்கவில்லை. அப்பால் இன்னொரு கோள் இழுக்கிறது என்று கணக்குப் போட்டார்கள், 1846இல் நெப்டியூன் அகப்பட்டது. புதன் கோளிலும் ஒரு சின்னக் கோளாறு. அதே மாதிரி இன்னொரு கோளைத் தேடினார்கள், வல்கன் என்று பெயர்கூட வைத்தார்கள். அகப்படவே இல்லை. 1915இல் ஐன்ஸ்டைன் வந்து வாய்பாட்டையே மாற்றியபோதுதான் அது தீர்ந்தது. தீராத புதிர்கள் சேர்ந்து, பழைய வாய்பாட்டின் மீது நம்பிக்கை போய், புதியது வருவதுதான் புரட்சி.

அதே 1962. குவாண்டம் இயற்பியலை உருவாக்கியவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்கள் நினைவுகளைப் பதிவு செய்யும் வேலைக்கு கூன் தலைமை தாங்கினார். நவம்பர் 17 அன்று கோபன்ஹேகனில் நீல்ஸ் போரைப் பேட்டி கண்டார்கள். மறுநாள் போர் இறந்துவிட்டார். பேட்டி எடுத்துப் பழகியவன் என்பதால், இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் வேறெதுவும் ஓடவில்லை.

புகழ் வந்தது. கூடவே தொல்லையும். மார்கரெட் மாஸ்டர்மன் என்ற அறிஞர், 'பாரடைம்' என்ற சொல்லை கூன் 21 விதமான அர்த்தத்தில் பயன்படுத்தியிருக்கிறார் என்று எண்ணிக் காட்டினார். 'அப்படியென்றால் அறிவியலில் உண்மையே இல்லை, எல்லாம் பெரும்பான்மை ஓட்டுதான் என்கிறாரா?' என்று சிலர் பாய்ந்தார்கள். அதையே பாராட்டாக எடுத்துக்கொண்டு கை குலுக்கியவர்கள் இன்னும் மோசம். வாய்பாடுகளைக் காட்டிக்கொடுத்ததற்கு நன்றி, இனி அவற்றைத் தூக்கி எறிந்துவிடலாம் என்று மாணவர்கள் வந்து சொன்னபோது நொந்துபோனாராம். வாய்பாடு இல்லாமல் கணக்கு ஏது?

1964இல் பிரின்ஸ்டன், 1979இல் எம்.ஐ.டி. கடைசிப் பத்தாண்டுகளுக்கு மேல் இன்னொரு பெரிய நூலோடு மல்லுக்கட்டினார். முடிக்கவில்லை. 1996 ஜூன் 17 அன்று 73 வயதில் புற்றுநோயால் காலமானார். அந்தக் கையெழுத்துப் படி 2022இல்தான் அச்சில் வந்தது.

சனி எங்கே இருக்கிறார்?

அத்தையின் கேள்விக்கு வருகிறேன். 1965இல் லண்டனில் ஒரு கருத்தரங்கு. கார்ல் பாப்பர் தலைமை. எது அறிவியல், எது இல்லை என்பதற்கு அவரிடம் ஒரு கோல் இருந்தது: தப்பு என்று நிரூபிக்க வழி இருந்தால்தான் அது அறிவியல், ஜோதிடத்தில் அந்த வழியே இல்லை. கூன் மறுத்தார். ஜோதிடப் பலன்கள் எத்தனையோ தடவை பொய்த்திருக்கின்றன, ஜோதிடர்களே அதை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். சிக்கல் அங்கே இல்லை. வானியல் கணக்குத் தப்பினால் வானியலாளருக்கு மறுநாள் வேலை இருக்கும்: எந்த அளவு பிசகியது, எந்தச் சுற்றைத் திருத்துவது, கருவியில் கோளாறா? ஜோதிடப் பலன் தப்பினால் ஜோதிடருக்குச் சமாதானம் இருக்கும், திருத்துவதற்குப் புதிர் இருக்காது. அதனால்தான் ஒன்று அறிவியலாயிற்று, இன்னொன்று ஆகவில்லை.

நம் வீட்டு ஆணியில் தொங்கும் பஞ்சாங்கத்தில் இவை இரண்டும் ஒரே அட்டைக்குள் இருக்கின்றன. அதுதான் குழப்பமே.

வாக்கியம் என்பது உண்மையிலேயே வாக்கியம்தான். சந்திரன் இருக்கும் இடத்தைச் சொல்ல 248 சிறு வாக்கியங்கள், நாளுக்கு ஒன்று. எழுத்துகள் எண்களைக் குறிக்கும். மனப்பாடம் செய்தவருக்கு ஓலையே வேண்டாம். இந்த முறையின் அடிப்படை நூலான 'வாக்கிய கரணம்' சென்னையில் பதிப்பிக்கப்பட்டதும், கூனின் புத்தகம் வந்த அதே 1962இல்தான்!

சென்னை வானாய்வகத்தில் ஒரு காலத்தில் பொறுப்பு வகித்த ஜான் வாரன், புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைச் சந்தித்தார். தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாட வாக்கியங்களை வைத்தே 1825 மே 31 சந்திர கிரகணத்தைக் கணக்கிட்டுக் காட்டினார் அந்த மனிதர். தொடக்க நேரத்தில் பிசகு 4 நிமிடம். முடியும் நேரத்தில் 52 நிமிடம். ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த அறிவியல் வரலாற்றாளர் ஆட்டோ நியூகபவர் இதை 1952இல் 'தமிழ் வானியல்' என்ற கட்டுரையாகவே எழுதினார். பாபிலோனியர் காலத்துக் கணக்கு முறையின் தொடர்ச்சி புதுச்சேரியில் உயிரோடு இருந்ததுதான் அவருக்கு வியப்பு.

பிசகும் உண்மைதான். பழைய அளவுகளைக் காலப்போக்கில் திருத்தாவிட்டால் அது கூடிக்கொண்டே போகும். நுங்கம்பாக்கத்தில் இருந்த சென்னை வானாய்வகத்தில் தலைமை உதவியாளராக வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி இதைத்தான் சொன்னார். 1867இல் ஒரு மாறும் விண்மீனைக் கண்டுபிடித்தவர் அவர். தொலைநோக்கியில் கண்ணால் பார்ப்பதும் பஞ்சாங்கம் சொல்வதும் ஒத்துப்போக வேண்டும் என்று வாதாடி, திருக்கணித முறையில் பஞ்சாங்கமும் வெளியிட்டார். 1880இல் இறந்தார். அவர் தொடங்கிய சண்டை இன்னும் நம் வீட்டுத் திண்ணைகளில் நடக்கிறது.

ஆகவே, சனி வானத்தில் எங்கே இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. திருக்கணிதம்தான் வானத்தோடு ஒத்துப்போகிறது. அதற்காகப் புதுச்சேரிக்காரரின் சோழிகளைப் பார்த்துச் சிரிக்கவும் மாட்டேன். ஒரு செயலியைத் தட்டிக் கிரகணம் பார்க்கிற நம்மில் எத்தனை பேரால் தரையில் உட்கார்ந்து அதைக் கணக்கிட முடியும்?

இன்னொன்றும் உண்டு. கும்பத்துக்கும் மீனத்துக்கும் நடுவே வானத்தில் கோடு எதுவும் கிழிக்கவில்லை. அது மனிதர்கள் பேசி வைத்துக்கொண்ட எல்லை, இரண்டு கிராமத்துக்கு நடுவே நடும் கல் மாதிரி. அந்தக் கல்லைத் தாண்டினால் ஒரு பையனுக்குக் கல்யாணம் கைகூடும் என்பதற்கு இரண்டு பஞ்சாங்கத்திலும் கணக்கு இல்லை. அங்கே திருத்தப் புதிரும் இல்லை.

இத்தனையையும் அத்தையிடம் இந்த வரிசையில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சுக்கு காபி அதோடு நின்றுபோயிருக்கும். "சனி மீனத்துக்குப் போயாச்சு அத்தை, அது நிச்சயம். ஆனா அந்தப் பொண்ணைக் காக்க வெக்கறது சனி இல்ல, நீங்கதான்" என்று மட்டும் சொன்னேன். அத்தை பதில் சொல்லவில்லை. அத்தை மகன் வாசல் வரை வந்து, "தேங்க்ஸ் மச்சான்" என்றான். வாயு லிங்கம் வரை யோசித்துக்கொண்டே நடந்தேன், அதிகமாகப் பேசிவிட்டோமோ என்று.

வைகாசியில் அத்தையிடமிருந்து போன். நிச்சயம் முடிந்தது, ஆவணியில் கல்யாணம்.

"அப்போ திருக்கணிதத்துக்கு மாறிட்டீங்களா அத்தை?"

"சனிக்கு மட்டும்தாம்ப்பா. முகூர்த்தம் பாம்புப் பஞ்சாங்கத்துலதான் பார்த்தேன். உங்க மாமா காலத்துலேருந்து அதானே நம்ம வீட்டுல?"